பதினொன்றரை மீட்டர்

சோற்றுத் தட்டு அகலம்தான் இருக்கும்,
நாலாய்ப் பகுத்து வெள்ளையும் கறுப்பும் பூசியது.
கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கி
கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறிப்பது
என் வேலை. நாட்கூலி அறுநூற்றைம்பது.

நீரோடிக்கு நாலு மைல் வெளியே
ததேயுஸ் எஞ்சினை அணைக்கிறார்.
வடக்கே தெரியும் பொழியூர் வேறு மாநிலம்.
படிவத்தில் ‘மாநிலம்’ என்றொரு கட்டம்;
வள்ளம் ஒழுகும் திசை பார்த்து
ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று எழுதுவேன்.

ஆனி பிறந்து பன்னிரண்டு நாள்.
கச்சான் வந்துவிட்டது. வந்து என்ன,
அடியில் கிடக்கும் குளிர்நீரை
அது மேலே இழுத்தாக வேண்டும்,
உப்போடு, உரத்தோடு.
மேலே படுத்திருக்கும் சூட்டுநீரோ
உலைமூடிபோல் அழுந்திக் கிடக்கிறது.
கையை விட்டால் வெதுவெதுப்பு,
பிள்ளையைக் குளிப்பாட்டலாம்.

“எத்தன?”
“பதினொன்றரை.”
“நல்ல தெளிவு!” என்கிறான் அவர் மகன் ரெக்சன்.
ததேயுஸ் திரும்பிக் கடலில் துப்புகிறார்.

தெளிவை எனக்கு
நல்ல சொல்லாகத்தான் கற்றுத் தந்தார்கள்.
போன ஆனியில் இதே புள்ளியில்
மூன்றே கால் மீட்டரில் தட்டு காணாமல் போனது.
பாசிப்பயறு கழுவிய நீராய்க் கடல்,
அதற்குள் சாளைக் கூட்டம்
மழைபோல் சலசலத்தது.
இன்று தட்டு கீழே, வெகு கீழே,
வெட்கமில்லாமல் பளிச்சென்று கிடக்கிறது.

பட்டு வலையை இழுத்து
அடிக்குப்பியில் தேங்கியதை வடித்தேன்.
இரண்டு சொட்டு அயோடின். கட்டன் சாயா நிறம்.

கொல்லங்கோட்டில் என் அறைக்குக் கீழே
ரப்பர் ஷீட் வாங்குகிற கடை.
அந்தப் புளித்த வாசனைக்குள் குனிந்து
நுண்ணோக்கியில் எண்ணினேன்.
கண்ணாடிக் கூட்டுக்குள் வாழும் பாசிகள்,
சங்கிலி சங்கிலியாய்க் கைகோத்துத் திரிபவை,
முன்பு எண்ணி முடிக்க விடியும்.
இன்று முப்பத்தேழு.
நாலு உடைந்தவை. சேர்ப்பதா என்று யோசித்துச் சேர்த்தேன்.

கடல் காலியில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
சூட்டுக்குத் தோதான பொடிசுகள் உண்டு,
என் வலைக்கும் அகப்படாத பொடிசுகள்.
சாளையின் செவுளில் ஒரு சீப்பு இருக்கிறது,
அதன் பல்லிடுக்கிலும் அவை நழுவிவிடும்.
பந்தி நடக்கிறது;
இலையில் இருப்பது
வாய்க்கு எட்டாத தூசு.

எங்கள் கரையில் ‘பாடு’ என்றால் மீன் வரத்து.
மேட்டு ஊர்க்காரர்களுக்கு அது துன்பம்.
“பாடு எப்படி?” என்று
ஊரம்பு சந்தையில் ஒருவர் கேட்டபோது
எந்தப் பாட்டைச் சொல்வதென்று
ததேயுஸ் கொஞ்சம் நின்றார்.

அன்று மாலை படியேறி வந்தார்,
கையில் நீலப் பிளாஸ்டிக் பை.
ஓமன் சாளை. ஐஸ் பெட்டியில் வந்தது,
கிலோ இருநூற்று நாற்பது.
முப்பது வருஷம் சாளை விற்றவர்
சாளை வாங்கி வந்திருக்கிறார்.
“இதுக்க குடலையும் ஒண்ணு பாரும்.”

பிளேடால் கீறினேன்.
ரெக்சன்தான் முதலில் சொன்னான்: “பச்ச.”
பச்சைதான்.
ஐஸில் கறுத்து, பிசுபிசுத்து,
ஆனாலும் பச்சை.
கண்ணாடியின் கீழ் வைத்தேன்.
செரித்தும் கரையாத கூடுகள்,
அறுந்த சங்கிலிகள்,
யாருடைய கடலோ தின்னக் கொடுத்தது.
மூவரும் மாறி மாறிப் பார்த்தோம்.
ததேயுஸ் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை,
அடுத்த வீட்டு அடுப்பை
சன்னல் வழியே பார்ப்பவர்போல்.

இதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

“மிச்சத்தப் பொரிக்கலாமா?” என்றார் பிறகு.
பொரித்தோம். நெய் வழிந்தது.
ரப்பர் வாசனை ஒரு மணிநேரம் தோற்றுக் கிடந்தது.

அவர்கள் போனபின் கயிற்றைச் சரிபார்த்தேன்.
பன்னிரண்டாம் மீட்டர் முடிச்சு
இதுவரை ஈரமே காணாதது,
தளர்ந்திருந்தது.
இறுக்கிக் கட்டினேன்.